வாதவூர்க் கபிலரும் ஓர் அயல்நாட்டுப் படமும்

மதுரையை அடுத்த திருவாதவூர் மாணிக்கவாசகர் தோன்றிய தலம் என்பதை யாவரும் அறிவர்; சங்கப் புலவராகிய கபிலர்க்கும் அதுவே பிறப்பிடம் என்பது வழிவழி வந்த கொள்கை. மூவேந்தராற் பறம்பு பறிபோய், உயிர்த்தோழன் பாரியும் மாண்டபின், அவர் உடனே உயிர் துறந்தாரல்லர். கண்ணீருடன் அம்மலையைத் தொழுது விடைகொண்டு, பாரி மகளிரை உடனழைத்துச் சென்று, விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் அவர்களை மணக்குமாறு வேண்டினார், இருவரும் மறுத்தனர். பெருமிதமிக்க அப்புலவர் பிறர் வாயிலில் இங்ஙனம் நின்றது எத்துணை அரிது!

அல்போன்சோ குவாரோன் 2006-இல் இயக்கிய 'சில்ட்ரன் ஆஃப் மென்' என்னும் படம் இதனை நினைப்பூட்டிற்று. (கல்லூரி மலரிற் சினிமாவைப் பேசுவதைப் பெரியோர் பொறுப்பாராக.) 18 ஆண்டுகளாக உலகிற் குழவியே பிறவாத ஒரு கொடுங்காலத்தை அது கற்பிக்கின்றது. மகனை இழந்து மனம் மரத்த தியோ என்பான், கருவுற்ற அகதிப் பெண் ஒருத்தியைக் காத்துக் கடல்வரை கொண்டுசேர்த்துப் படகிலேயே உயிர் விடுகின்றான். அவள் தன் மகவுக்கு இடுவது அவன் இழந்த மகனது பெயரையே.

இருவர்க்கும் துயர் தீர்ந்திலது. கையிலொரு பொறுப்பு இருந்தமையால் நடந்தனர். கபிலர் அம்மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்புவித்து வடக்கிருந்தார் என்பது புறநானூற்றுக் குறிப்பு. மலையனுக்கு மணஞ்செய்வித்துத் தீப்புகுந்தார் என்பது திருக்கோவலூர்க் கல்வெட்டு. எங்ஙனமாயினும், ஒப்புவித்த பின்னரே இறந்தார்.