கதவுதான் பெட்டி, மாப்பிள்ளை

மயிலாப்பூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய கொட்டேஷன் படத்தைக் கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு ஸ்கிரீன், நாலு கதவுக்கும் ஸ்பீக்கர், நாலு சேனல் ஆம்ப், டிக்கியில் 12 இன்ச் பேஸ் டியூப், கூலி தனி. மொத்தம் ஐம்பத்திரண்டாயிரம். கீழே, "மாமா, ஓகே சொல்லட்டுமா?" என்று ஒரு வரி. போனிலேயே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஏன் என்று கேட்பாய், நான் ஆரம்பிப்பேன், நடுவில் உன் ஆபீஸிலிருந்து கூப்பிடுவார்கள். அதனால்தான் கடிதம்.

கார் வாங்கி மூன்று மாதத்தில் பாட்டு சரியில்லை என்று உனக்குத் தோன்றியதில் எனக்குச் சந்தோஷம்தான். ரேடியோ ரிப்பேர், மைக் செட் என்று முப்பது வருஷம் சால்டரிங் புகையில் உட்கார்ந்தவன் நான். நம் குடும்பத்தில் இன்னொரு காது வேலை செய்கிறது என்று தெரிகிறது. ஆனால் என்ன சரியில்லை என்று கேட்டால், "பஞ்ச் இல்ல மாமா" என்கிறாய். மருந்துக்கடையில் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்வது போன்றது இது. அவர் கையில் இருக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். ஜி.பி. ரோட்டுக் கார் ஆடியோ கடையில் "பஞ்ச் இல்லை" என்றால் பேஸ் டியூப்தான் வரும்.

ஒரு சாயங்காலம் இங்கே வா. கபாலி கோயிலில் நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கிற நேரமாகப் பார்த்துப் போவோம். சபாவுக்குக் கூட்டிப் போகலாம்தான், ஆனால் அங்கேயும் இப்போது மைக் வைத்துக் காதைப் பிளக்கிறார்கள். தவிலை மைக் இல்லாமல் பத்தடி தூரத்தில் நின்று கேள். குச்சி விழுகிற பக்கத்தின் கனம் எப்படி வயிற்றில் வந்து உட்காருகிறது, விரல் கூடு போட்ட பக்கம் எப்படிச் சில்லென்று தெறிக்கிறது என்று கவனி. பிறகு அதே வாத்தியத்தைக் காரில் போட்டுப் பார். எது காணாமல் போனது என்று உனக்கே தெரியும். அதைத்தான் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

செலவில்லாத வேலைகளை முதலில் முடித்துவிடு. செட்டில் பேஸ், டிரெபிள் எல்லாம் எவனோ ஏற்றி வைத்திருப்பான், நடுவுக்குக் கொண்டு வா. கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, டோல் ரசீது, காலி பாட்டிலை எடுத்துவிடு. நம்பர் பிளேட் கடகடக்கிறதா என்று தட்டிப் பார். வாட்ஸ்அப்பில் வந்த பாட்டை ப்ளூடூத்தில் போட்டுவிட்டு ஸ்பீக்கரைத் திட்டாதே. நல்ல தரத்தில் இறக்கிய பாட்டைப் பென் டிரைவில் போடு. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் 1986-இல் வந்தது. வயலின் கூட்டம், பேஸ் கிட்டார், மிருதங்கம் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். நான் எந்தச் செட்டையும் அதில்தான் சோதிப்பேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெசன்ட் அவென்யூவில் மரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் கேள். பகலில் அண்ணா சாலையில் போகும்போது எந்தச் செட்டுக்கும் மரியாதை கிடையாது, பாதியை டயர் சத்தமே தின்றுவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் குறை இருக்கும். கம்பெனி போட்டுக் கொடுக்கிற ஸ்பீக்கர் பெரும்பாலும் மெல்லிய காகிதக் கோனும் சின்னக் காந்தமும்தான். ஆனால் ஸ்பீக்கரைவிடப் பெரிய குற்றவாளி அது உட்கார்ந்திருக்கிற இடம்.

ஒரு ஸ்பீக்கரைக் கையில் வெறுமனே பிடித்துப் பாட்டைப் போடு. கொசு கத்துகிற மாதிரி இருக்கும். அதையே ஓர் அட்டைப்பெட்டியில் வட்டமாக ஓட்டை போட்டு அதில் பதித்துக் கேள், குரலுக்குத் திடீரென்று உடம்பு வந்துவிடும். கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. தள்ளலும் இழுப்பும் ஒன்றோடொன்று சேர்ந்தால் கூட்டிக் கழித்து ஒன்றுமில்லை. அதிலும் தாழ்ந்த ஒலிதான் முதலில் செத்துப்போகும். இரண்டையும் பிரித்து வைக்கத்தான் பெட்டி. காரில் அந்தப் பெட்டி எது? கதவுதான். டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால் உள் தகரத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட். வெளித் தகரத்தை முட்டியால் தட்டினால் டிரம் மாதிரி அதிரும். இருபதாயிரம் ரூபாய் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் இதில் மாட்டினாலும் அது அட்டைப்பெட்டிக்கு வெளியே இருக்கிற ஸ்பீக்கர்தான்.

மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவதைப் பார்த்திருப்பாய். வெறும் தோல் மேலே நின்று கத்தும். நடுவில் எடை ஏறியதும் நாதம் கீழே இறங்கி அடக்கமாகிறது. முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வலப்பக்கத் தோலான வலந்தலையில் கறுப்புச் சோறு நிரந்தரம். தோலில் எடை ஏற்றினால் சுருதி எப்படிச் சேருகிறது என்பதை நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன் ஆராய்ந்து, 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறார். கதவுக்கு நாம் ஒட்டுகிற டேம்பிங் ஷீட்டும் ரவையின் உறவுதான். அலுமினியத் தாள் மேலே, பிசுபிசுப்பான பியூட்டில் ரப்பர் கீழே. தகரத்துக்கு எடை கூடும், அதிர்வை ரப்பர் உறிஞ்சிக்கொள்ளும். வெளித் தகரத்தில் பாதிக்குக் குறையாமல் ஒட்டி, ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு உள் தகரத்து ஓட்டைகளை மூட வேண்டும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் எக்காரணத்துக்கும் அடைக்கக் கூடாது. கண்ணாடி வழியாக உள்ளே போகிற மழை அந்த வழியாகத்தான் வெளியேறும். அடைத்தால் ஐப்பசியில் கதவுக்குள் குளம், கார்த்திகையில் துரு.

ஆகவே உன் பணத்தில் முதல் பங்கு முன்கதவு இரண்டுக்கும். அடுத்தது அதில் உட்காரும் ஸ்பீக்கர் ஜோடி. அதுவும் கம்பொனன்ட் வகை, வூஃபர் கதவில் கீழே, ட்வீட்டர் தனியாகக் காது மட்டத்தில். கோன் எதில் செய்தது, பாலிபுரோப்பிலீனா, காகிதமா என்று கேள், நம் ஊர் ஈரத்துக்குக் காகிதம் தாங்காது. அட்டையில் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 88-க்கும் 91-க்கும் வித்தியாசம் மூன்றுதானே என்று நினைக்காதே. 91 இருக்கிற ஸ்பீக்கர் பாதி வாட்டிலேயே அதே சத்தம் கொடுக்கும். பொருத்தும்போது டோர் பேடை மூடுவதற்கு முன்னால் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பார்க்கச் சொல், காந்தம் பெரிதாக இருந்தால் இடிக்கும்.

பின்கதவு ஸ்பீக்கருக்கு ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதே. வாணி மகாலில் பாடுகிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டா உட்காருவாய்? பின்னால் இருப்பதைப் பழையபடியே விட்டு, சத்தத்தைக் குறைத்து வை. உங்க அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து வருகிற அன்றைக்கு மட்டும் ஏற்று.

ஸ்கிரீன் வேண்டவே வேண்டாம். இருக்கிற செட் போதும். அதன் முகப்பில் 50 வாட் பெருக்கல் நான்கு என்று எழுதியிருக்கும். அது கணக்குக்கு உதவாத எண். கார் பேட்டரி 12 வோல்ட், இன்ஜின் ஓடும்போது சுமார் 14. அந்த வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு உள்ளே இருக்கிற ஐ.சி. சுத்தமாகக் கொடுப்பது சேனலுக்கு 20 வாட் பக்கம்தான். அதற்கு மேல் முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டு இரைகிறது. தனி ஆம்ப் அந்த 14 வோல்ட்டை முதலில் உயர்த்திக்கொண்டு பிறகு வேலை செய்கிறது. அதை வாங்குவது சத்தத்துக்காக அல்ல. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு இரண்டு மடங்காகப் படவே பத்து மடங்கு வாட் வேண்டும். தவிலின் ஓர் அடி திடீரென்று கேட்கிற சக்தியை முகம் சுளிக்காமல் கொடுக்கத்தான் ஆம்ப். ஆனால் அதை இப்போது வாங்காதே. கதவையும் முன் ஸ்பீக்கரையும் முடித்து இரண்டு மாதம் கேள். பிறகும் போதவில்லை என்றால் வா, பேசலாம்.

பேஸ் டியூப் கதையைச் சொல்லிவிடுகிறேன், உங்க அம்மாவுக்குக்கூட முழுசாகத் தெரியாது. என் பழைய மாருதி 800-இல், ஊருக்கெல்லாம் ஆம்ப்ளிபையர் ரிப்பேர் செய்கிற நானே சோம்பேறித்தனப்பட்டு ஒரு கடையில் விட்டு பேஸ் டியூப் மாட்டினேன். பேட்டரியிலிருந்து வந்த ஒயருக்குப் பியூஸ் போடவில்லை. இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரில் ஓட்டை போட்டு, விளிம்புக்கு ரப்பர் கிராமெட்கூட இல்லாமல் ஒயரை நுழைத்திருந்தார்கள். நாலு மாதம் உரசி உரசி இன்சுலேஷன் போய்விட்டது. அடையாறு சிக்னலில் நிற்கும்போது காலடியில் புகை. பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினேன், கை கொப்பளித்ததுதான் மிச்சம். தப்பு கடை மேல் மட்டுமில்லை, திறந்து பார்க்காமல் பணம் கொடுத்தவன் மேலும்தான்.

ஆகவே என்றைக்கு ஆம்ப் போட்டாலும் பக்கத்தில் நின்று பார். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் பியூஸ் இருக்க வேண்டும். ஒயரின் முனையைப் பிளேடால் சுரண்டு, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் தாமிரப் பூச்சு பூசிய அலுமினியம், வேண்டாம் என்று சொல். எர்த் ஒயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய வெறும் தகரத்தில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஒரு ரீங்காரம் கூடவே ஏறும். கம்பெனி ஒயரை வெட்ட விடாதே, உன் கார் மாடலுக்கான கப்ளர் கேள். வெட்டினால் வாரன்டி விஷயத்தில் சர்வீஸ் சென்டரில் தகராறு வரும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக், அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆம்பைச் சீட்டுக்கு அடியில் தரையோடு வைக்கிற வழக்கம் நம் ஊருக்கு ஆகாது. 2015 டிசம்பரில் அடையாறு ஏறி வந்ததையும் 2023-இல் மிக்ஜாம் புயல் கொட்டியதையும் நீயே பார்த்தாய். தி.நகரில் துரைசாமி சப்வே பக்கம் ஒரு நல்ல மழைக்கே தண்ணீர் தேங்கிவிடும். முழங்கால் தண்ணீரில் முதலில் மூழ்குவது ஆம்ப். பின்சீட்டின் முதுகில், டிக்கிப் பக்கமாக, காற்றோட்டம் விட்டு மாட்டச் சொல்.

சின்ன விஷயம் ஒன்று, பலர் கோட்டை விடுவது. வேலை முடிந்ததும் பேஸ் குறைந்த மாதிரி இருந்தால் ஒரு ஸ்பீக்கருக்கு ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஒரு கோன் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும், அட்டைப்பெட்டிக் கதைதான் மறுபடியும். ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொடு. ப்ளஸ் ப்ளஸ்ஸோடு சேர்ந்திருந்தால் கோன் வெளியே வரும். நீ உட்காருவது வலது கதவை ஒட்டி என்பதால் பாட்டு முழுக்க வலப்பக்கம் சாய்ந்து கேட்கும், பேலன்ஸை இடப்பக்கம் ஒன்றிரண்டு தள்ளிக்கொள்.

ரேடியோவையும் மறந்துவிடாதே. இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் தொடங்கியது இதே ஊரில்தான், 1977 ஜூலை 23. கதவைச் சரிசெய்த பிறகு காலை நேரத்தில் வானொலிக் கச்சேரியைக் கேட்டுப் பார், தம்புரா சுருதி தனியாக ஒரு கோடு போட்ட மாதிரி நிற்கும். அது கேட்கும்வரை எனக்குத் திருப்தி கிடையாது.

பேஸ் டியூப்தான் வேண்டும் என்று கடைசியில் அடம்பிடித்தால் எட்டு இன்ச் போதும். ராத்திரி பத்து மணிக்கு மேல் உங்கள் அபார்ட்மென்ட் தெருவில் அதைத் திறக்காதே. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் வைத்திருக்கிற அளவு இரவில் 45 டெசிபல். சட்டத்தைவிட, கீழ்வீட்டுக் கைக்குழந்தையின் பாட்டி உன்னைச் சும்மா விடமாட்டாள்.

அந்தக் கொட்டேஷனுக்குப் பதில் அனுப்பாமல் வை. வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் காரை இங்கே கொண்டு வா. டோர் பேடு கழற்றுகிற பிளாஸ்டிக் நெம்புகோல், ரோலர் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. டேம்பிங் ஷீட்டை மட்டும் ஜி.பி. ரோட்டில் நீ வாங்கி வா, முன்கதவு இரண்டுக்கு மட்டும். உங்க அம்மாவிடம் சொல்லி வீட்டிலிருந்து காலி அட்டைப்பெட்டி ஒன்றும் எடுத்து வா.

இப்படிக்கு,
உன் மாமா