நூறில் ஒரு வினாடி எங்கிருந்து வந்தது?

கேள்வி: 2018 ஆசிய விளையாட்டில் நம் நீச்சல் வீரர் விர்தவல் காடே நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தைக் கோட்டைவிட்டார் என்று படித்தேன். இவ்வளவு சின்ன அளவு எப்போது புழக்கத்துக்கு வந்தது? (வாசகர், பொட்டிபுரம்)

நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் பெயர் தெரிந்த ஊரிலிருந்து நுண்ணிய அளவைப் பற்றிக் கேள்வி வருவது பொருத்தம்தான்.

முதலில் காடே. கோலாப்பூர்க்காரர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீந்தியபோது வயது 16. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் பட்டர்ஃபிளையில் வெண்கலம் வென்றார்; ஆசிய விளையாட்டு நீச்சலில் 24 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா பார்த்த பதக்கம் அது. பிறகு மகாராஷ்டிர அரசில் தாசில்தார் ஆனார். மீண்டும் குளத்துக்குத் திரும்பி, 2018 ஜகார்த்தாவில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தகுதிச் சுற்றை 22.43 வினாடியில் முடித்தார். அது புதிய தேசியச் சாதனை. இறுதிச் சுற்றில் 22.47; நான்காவது இடம். வெண்கலம் வாங்கிய ஜப்பான் வீரரின் நேரம் 22.46. காலையில் நீந்தியதையே மாலையிலும் நீந்தியிருந்தால் பதக்கம் காடேயின் கழுத்தில் ஏறியிருக்கும்! அந்த வேகத்தில் நூறில் ஒரு வினாடி என்பது சுமார் 2 சென்டிமீட்டர் தூரம்.

முன்பு எல்லாம் கையால் நிறுத்தும் கடிகாரக் கணக்குதான். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை வென்று, ஆசிய விளையாட்டில் இந்தியாவின் முதல் தங்கத்தை வாங்கித் தந்தவர் சச்சின் நாக். அவர் நேரம் 1 நிமிடம் 4.7 வினாடி. புள்ளிக்குப் பின் ஒரே ஓர் இலக்கம். நடுவர் கட்டைவிரலால் ஸ்டாப்வாட்சை அமுக்கியது அவ்வளவுதான் சொல்லும்.

அந்தக் கட்டைவிரலின் மீதிருந்த நம்பிக்கை 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆட்டங்கண்டது. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறக்குறைய ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள். லார்சனைக் கணித்த மூன்று கடிகாரங்கள் காட்டியது 55.0, 55.1, 55.1. டெவிட்டுக்கு மூன்றிலும் 55.2. கடிகாரப்படி லார்சன்தான் முந்தியவர். ஆனால் கரையில் நின்று கண்ணால் பார்த்த நடுவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தலைமை நடுவர் டெவிட் பக்கம் சாய, தங்கம் அவருக்குப் போனது. லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள்.

அமெரிக்கர்கள் முறையிட்டும் தீர்ப்பு மாறவில்லை. மாறியது அளக்கும் முறை. நீந்துபவர் தன் கையாலேயே கடிகாரத்தை நிறுத்தும் தொடுபலகை, 1967 வின்னிபெக் பான் அமெரிக்கப் போட்டியிலும் அடுத்த ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் சுவரில் ஏறியது. அலை மோதினால் அது அசையாது. கை அழுத்தினால்தான் வேலை செய்யும்.

கருவி கைக்கு வந்ததும் ஆசை எல்லை மீறியது. 1972 மியூனிக்கில் 400 மீட்டர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னார் லார்சனுக்கு 4 நிமிடம் 31.981 வினாடி, அமெரிக்காவின் டிம் மக்கீக்கு 31.983. ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் தூரம், தங்கத்தைத் தீர்மானித்தது. சிமென்டும் ஓடும் வைத்துக் கட்டிய குளத்தில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நீளத்திலேயே அதைவிட வித்தியாசம் இருக்கலாமே! அதனால் நூறில் ஒரு வினாடியோடு நிறுத்திக்கொள்வது என்று விதி வந்தது. இன்றும் அதுதான்.

கேள்வி: கிணற்றில் நாங்கள் கைமாற்றி வீசி அடிக்கும் நீச்சல்தான் ஃப்ரீஸ்டைலா? (வாசகி, போடிநாயக்கனூர்)

விதிப்படி ஃப்ரீஸ்டைல் என்றால் இஷ்டப்படி நீந்தலாம். கிணற்று நீச்சல், நாய் நீச்சல், மல்லாக்க நீச்சல் எதற்கும் தடையில்லை. கைமாற்றி வீசும் கிரால்தான் எல்லாவற்றிலும் வேகம் என்பதால் எல்லோரும் அதையே அடிக்கிறார்கள். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிட்னி குளங்களில் அதைப் பிரபலப்படுத்தியவர்களில் ஒருவர், சாலமன் தீவுகளிலிருந்து வந்த அலிக் விக்காம்.

கேள்வி: நூறில் ஒரு பங்கிலும் இருவர் சமமாக வந்தால்? (வாசகர், போடிமெட்டு)

இருவருக்கும் தங்கம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அமெரிக்கர்களான ஆண்டனி எர்வினும் கேரி ஹால் ஜூனியரும் 21.98 வினாடியில் ஒன்றாகத் தொட்டார்கள். சில ஆண்டுகளில் எர்வின் நீச்சலை விட்டார். நம் நாகப்பட்டினக் கரையையும் சூறையாடிய 2004 சுனாமிக்குப் பின், அந்தத் தங்கத்தை ஏலம் விட்டு, கிடைத்த 17,101 டாலரை நிவாரணத்துக்குக் கொடுத்தார். பிறகு குளத்துக்குத் திரும்பினார். 2016 ரியோவில், 35 வயதில், அதே 50 மீட்டரில் மறுபடியும் தங்கம். நேரம் 21.40. இரண்டாவதாக வந்த பிரான்ஸின் ஃப்ளோராங் மனோதுவுக்கு 21.41.