அவசரக் கடன், மானியம்: வரிக் கணக்கில் எங்கே எழுதுவது?

கோவிட் நேரத்தில், 2020-இல் வந்த மத்திய அரசின் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் பணம் வாங்கிய மயிலாப்பூர், தி.நகர் கடைக்காரர்களுக்கு:

1. கடனை வருமானத்தில் சேர்க்காதீர்கள். திருப்பித் தரவேண்டிய பணம் அது.

2. வட்டியை ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். கட்டிய வட்டிக்குத்தான் கழிவு. பாக்கி வட்டியை வங்கி புதுக் கடனாக மாற்றினால் அது கட்டியதாகாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

3. விற்பனையில் 8 சதவீதம் (டிஜிட்டல் வரவுக்கு 6) லாபம் என்று காட்டுபவரா? வட்டியைத் தனியே கழிக்காதீர்கள். அதிலேயே அடக்கம்.

4. இயந்திர மானியத்தை இயந்திர விலையில் கழியுங்கள். விலை 4 லட்சம், மானியம் 1 லட்சம் என்றால் தேய்மானம் 3 லட்சத்துக்கே. மற்ற அரசு மானியம் பெரும்பாலும் வருமானம்தான்.

5. மானிய ஆணையைப் பத்திரப்படுத்துங்கள். எதற்காகத் தந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.