மஞ்சள் மூடியும் ஊதா மூடியும்: லேப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கத்து லேப்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, பெருங்குடல் புற்றுநோய் சீக்கிரம் தெரிந்தால் குணமாகக்கூடியது. அது உங்கள் கண்ணில் முதலில் படலாம் என்பதால் சொல்கிறேன்.

1. சி.இ.ஏ. என்ற ரத்தப் புற்றுக்குறியீடு நார்மல் என்றால் நோய் இல்லை என்று பொருளில்லை. 1965இல் மாண்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்த புரதம் அது. புகைப்பவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் ஏறும். ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் பலருக்கு ஏறவே ஏறாது. மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் அதைச் சேர்த்திருந்தாலும், "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

2. குடல் புற்றுக்கு ஆபரேஷன் ஆனவர்களிடம் பழைய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். சி.இ.ஏ.க்கு உண்மையான வேலை அங்கேதான். கட்டியை எடுத்தபின் நாலு முதல் ஆறு வாரத்தில் இறங்கியது, பிறகு படிப்படியாக ஏறினால் நோய் திரும்புகிறதோ என்று டாக்டர் தேடுவார். மெஷின் மாறினால் எண்ணும் மாறும். எப்போதும் ஒரே லேப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

3. ரத்தம் எடுக்குமுன், முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரியுங்கள். சில மெஷின்களில் அது சி.இ.ஏ.யைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஆம் என்றால் சீட்டில் எழுதுங்கள்.

4. சி.இ.ஏ.க்கு ரத்தம் எடுத்த மஞ்சள் மூடி ட்யூபை ஐந்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி, அரை மணி நேரம் உறைய விடுங்கள். வெளியே ஆட்கள் அவசரப்படுத்தினாலும் அதற்குமுன் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றாதீர்கள். முழுதாக உறையாத ரத்தத்தின் சீரத்தில் நூல்போல ஃபைப்ரின் மிதக்கும். மெஷினின் ஊசியை அடைத்து ரிசல்ட்டைக் கெடுக்கும்.

5. ரத்த அணுக்களை எண்ணும் ஊதா மூடி ட்யூபைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஐம்பது தாண்டிய ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஹீமோகுளோபின் 8, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 68 என்று வந்தால், குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். வலப்பக்கக் குடலில் வரும் கட்டி வலியில்லாமல், கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ரத்தம் கசியவிடும். சத்து டானிக்கோடு அது முடிந்துவிடக் கூடாது. ரிப்போர்ட்டை அனுப்புமுன் உங்கள் பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

6. "மூலம்தான்" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். மின்சார ரயில் பெட்டி முழுக்க மூலம், பவுத்திரம் நோட்டீஸ்தான்; மலத்தில் ரத்தம் கண்டவர் அதைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார். டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இங்கிருந்து தூரமில்லை.

7. புதிய பரிசோதனைகளைப் படியுங்கள், மயங்காதீர்கள். ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வைப் பார்க்கும் ஷீல்டு பரிசோதனைக்கு 2024 ஜூலையில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆய்வில் அது புற்றுநோயில் 83 சதவீதத்தைக் கண்டது. புற்றாக மாறக்கூடிய முற்றிய கட்டிகளிலோ 13 சதவீதத்தைத்தான். கொலனோஸ்கோப்பியில் அந்தக் கட்டியைப் பார்த்த இடத்திலேயே எடுத்துவிடலாம்.

8. ரத்தம் சந்தேகத்தைத்தான் சொல்லும். குடலைப் பார்த்தால்தான் முடிவு தெரியும். ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது, "இதை டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்" என்று சொல்லிக் கொடுங்கள்.