கேலக்ஸியிலிருந்து எக்ஸ்-ரே

செல்போன் போர்டுகளில் சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று எக்ஸ்-ரே மெஷினில் பார்ப்பது என் வேலை. சில கேலக்ஸிகளிலிருந்தும் எக்ஸ்-ரே வருகிறதாமே! அங்கே அது எப்படி உண்டாகிறது? நமக்கு ஆபத்தா?
- ஒரு வாசகி, சுங்குவார்சத்திரம்

ஆபத்து துளியும் இல்லை. நம் காற்று மண்டலமே அதைத் தடுத்துவிடுகிறது.

உங்கள் மெஷினில் வேகமாகப் பாயும் எலெக்ட்ரான்கள் உலோகத்தில் மோத, எக்ஸ்-ரே பிறக்கிறது. கேலக்ஸியிலும் எலெக்ட்ரான்தான் காரணம், வழிதான் வேறு. நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளையை நோக்கி வாயு சுழன்று விழும்போது சூடேறி, புற ஊதா ஒளியை உமிழ்கிறது. அருகிலேயே சுமார் 100 கோடி டிகிரி வெப்பத்தில் எலெக்ட்ரான் மேகம் ஒன்று இருக்கிறது. அதில் மோதும் ஒளி, ஆற்றல் பெற்று எக்ஸ்-ரே ஆகிறது.

பல கேலக்ஸிகளில் இந்த எக்ஸ்-ரே சில மணி நேரத்திலேயே கூடிக் குறைகிறது. அப்படியானால் அது வரும் இடமும் ஒளி சில மணி நேரத்தில் கடக்கும் அளவுதான். சூரியனிலிருந்து நெப்டியூனுக்கு ஒளி போகவே 4 மணி நேரம் ஆகும். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து இத்தனை ஆற்றலா! வானியலில் இதைவிட வியப்பான செய்தி அரிது.

காற்று தடுப்பதால், இந்த எக்ஸ்-ரேயைப் பார்க்க விண்வெளிக்குத்தான் போக வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இஸ்ரோவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள், 650 கி.மீ. உயரத்திலிருந்து இதைப் பார்த்தது. அதன் எக்ஸ்-ரே தொலைநோக்கியை உருவாக்கியது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். சுமார் 5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4151 கேலக்ஸியையும் அது ஆராய்ந்திருக்கிறது.

அஸ்ட்ரோசாட்டின் பதிவுகளை இஸ்ரோ இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஓய்வு நாளில் தேடிப் பாருங்கள். எக்ஸ்-ரே படம் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது.