ட்ராக் பைக்குக்கு லிங்க்கேஜ்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பின் சக்கரம் 2 மி.மீ. ஏறும்போது ஷாக் அப்சார்பர் 1 மி.மீ. அமுங்கினால், 90 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங்கின் பலம் சக்கரத்தில் 22.5தான், விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். சக்கரத்தின் அசைவை ஷாக்குக்குக் கடத்தும் லிங்க்கேஜை மாற்றி விகிதம் 2.2 ஆனால், அதே ஸ்பிரிங் 18.6க்கு இறங்கிவிடும். ஆக, லிங்க்கேஜை மட்டும் மாற்றுவது என்று ஒன்று கிடையாது. ஸ்பிரிங்கையும் டேம்பிங்கையும் சேர்த்தே மாற்றுகிறீர்கள்.

கம்பெனி லிங்க்கேஜ் பின்சீட்டு ஆளையும் சாலைப் பள்ளத்தையும் மனதில் வைத்துச் செய்தது, ட்ராக்குக்கு ஒத்துவராது என்பார்கள். அதில் நியாயம் உண்டு. அமுங்க அமுங்கக் கடினமாகும் அமைப்பைவிட, சீரான விகிதம் உள்ளதில் வளைவிலிருந்து வெளியேறும்போது டயரின் பிடி தெளிவாகத் தெரியும். ஆனால் குறை அங்கேதான் இருக்கிறதா? ஹெல்மெட், சூட் சகிதம் உட்கார்ந்து, பின் அச்சிலிருந்து நேர் மேலே சீட்டருகே வைத்த குறிவரை டேப் பிடியுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் எடுத்த அளவைவிடப் பைக் ஏறக்குறைய 25 முதல் 35 மி.மீ. இறங்கவில்லையென்றால் முதலில் ஸ்பிரிங்கைச் சரிசெய்யுங்கள். ஷாக் தண்டில் கட்டிய கேபிள் டை, எதுவரை அமுங்கியது என்று காட்டும். லிங்க்கேஜின் நீடில் பேரிங் காய்ந்தோ துருப்பிடித்தோ இருந்தாலும் பின்பக்கம் விறைக்கும். காய்ந்ததற்குக் கிரீஸே மருந்து, துருப்பிடித்ததை மாற்றத்தான் வேண்டும்.

விலை மலிவு என்று நீளம் மட்டும் மாறிய இணைப்புத் தகடு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பின்பக்க உயரம் மாறினால் ஹேண்டில் திரும்பும் குணமும் செயின் இழுக்கும் கோணமும் மாறும். விற்பவரிடம் விகித வரைபடம் கேளுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.