கொழுப்பை யாரும் வாளியில் எடுக்கவில்லை

கள்ளக்குறிச்சியில் என்னைப் பற்றி இரண்டு செய்திகள் உலவுகின்றன. சென்னையில் என் வயிற்றைக் கிழித்து முப்பது கிலோ கொழுப்பை வாளி வாளியாக எடுத்தார்கள் என்பது ஒன்று. எனக்கு ஏதோ பெரிய வியாதி, அதனால்தான் இளைத்துவிட்டேன், வெளியே சொல்லாமல் மறைக்கிறேன் என்பது மற்றொன்று. இரண்டையும் பரப்புவது என் சொந்தக்காரர்கள்தான். ஒவ்வொருவருக்காக விளக்கி அலுத்துப்போய்விட்டது. எழுதிவிடுகிறேன்.

நான் தனியார் பள்ளித் தமிழாசிரியை. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். உயரம் 158 செ.மீ., அன்றைய எடை 116 கிலோ. சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை, மூன்றும் இருந்தன. இடையில் 79 கிலோ வரை இறங்கினேன். இன்று 84. அந்த ஐந்து கிலோவுக்கும் பிறகு வருகிறேன்.

நம்பிக்கை: கொழுப்பை அறுத்து எடுத்துவிடுகிறார்கள்

கொழுப்பை உறிஞ்சி எடுப்பது லைப்போசக்‌ஷன். அது வேறு வேலை. எனக்குச் செய்தது ஸ்லீவ். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே, இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை ஸ்டேப்ளரால் தைத்து வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். கொழுப்பை யாரும் தொடவே இல்லை. மறுநாள் எடை பார்த்தபோது, ஏற்றிய குளுக்கோஸ் பாட்டில்களின் புண்ணியத்தில், சற்றுக் கூடியே இருந்தது.

பின் எப்படி இளைத்தேன்? பை சிறிதானது பாதிக் காரணம். மீதிக் காரணம் பசி. இரைப்பையின் மேல் மேட்டில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தது. 'பசிக்கிறது' என்று மூளைக்குச் சொல்லி அனுப்புவது அதுதான். வெட்டி எடுத்த பகுதியில் அந்த மேடும் போய்விடுகிறது. முதல் மாதம் பள்ளி வாசல் கடையில் போண்டா பொரியும் வாசம் வந்தது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். உண்மையில் பயமாக இருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து கூடவே இருந்த ஒன்று சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டதைப் போல.

பைபாஸ் என்ற இன்னொரு முறையில் எதையும் வெட்டி எறிவதில்லை. இரைப்பையின் மேல்முனையில் முட்டையளவு பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை நேராக அதில் இணைக்கிறார்கள். அதிலும் குடல் ஹார்மோன்கள் மாறுகின்றன. அதனால்தான் எடை இறங்கத் தொடங்கும் முன்பே பலருக்குச் சர்க்கரை இறங்குகிறது. எனக்கும் முதல் மாதத்திலேயே மாத்திரைகளைக் குறைத்தார்கள். உடனே 'சக்கர வியாதி போயே போச்சாம்' என்று அடுத்த வதந்தி. போகவில்லை, அடங்கியிருக்கிறது. சில ஆண்டுகளில் திரும்பி வந்தவர்களும் உண்டு.

நம்பிக்கை: வாயைக் கட்டத் தெரியாத சோம்பேறிகளின் குறுக்குவழி

எனக்கு அதிகம் வலித்தது தையல் அல்ல, இது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று யாராவது சொல்லும்போதெல்லாம், நான் குடித்த கொள்ளு ரசத்தைக் கோமுகி அணையில் ஊற்றினால் மதகைத் திறக்க வேண்டியிருக்கும் என்று சொல்லத் தோன்றும். வெந்நீரில் மலைத்தேன் கலந்தும் குடித்தேன். ஒரு மேசைக்கரண்டித் தேனில் அறுபது கலோரிக்கு மேல் இருக்கிறது. தேன் கொழுப்பைக் கரைக்காது.

கல்வராயன் மலைச் சாமைக்கு மாறினேன். சாமையைக் குறை சொல்ல மாட்டேன். அரிசியைவிட நார்ச்சத்தும் புரதமும் அதில் கூடுதல். ஆனால் நூறு கிராமுக்குக் கலோரி இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 350-ஐ ஒட்டி. சாமை பயிரிடும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஒல்லியாக இருப்பதற்குச் சாமை மட்டும் காரணமல்ல. அதை விளைவிக்க அவர்கள் ஏறி இறங்கும் சரிவும் காரணம். நான் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே சாமைச் சோறு சாப்பிட்டேன்.

மூன்று முறை பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்தேன். மூன்று முறையும் வட்டியோடு திரும்பியது. உணவைக் குறைத்து இளைத்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. கிரெலினைக் கூட்டும், செலவழிக்கும் ஆற்றலைக் குறைக்கும், பழைய எடைக்கே இழுக்கும். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான்.

சுவீடனில் 1987-இல் தொடங்கி நாலாயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு உண்டு. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், செய்துகொள்ளாத அதே பருமனுள்ளவர்களைவிடச் சராசரியாக மூன்று ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2020-இல் எழுதினார்கள். அடுத்த வரியையும் சொல்ல வேண்டும்: பொது மக்களின் ஆயுளோடு ஒப்பிட்டால் அப்போதும் ஐந்தரை ஆண்டு குறைவு.

நம்பிக்கை: அந்த ஆபரேஷனுக்குப் போனால் திரும்பி வரமாட்டாய்

2024 ஏப்ரலில், புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் இதே சிகிச்சைக்குப் போய் இறந்துபோனார். அரசு விசாரணை நடத்தியது. அந்த வாரம் என் கைபேசி ஓயவில்லை. "அக்கா, நீ நல்லாத்தான இருக்க?"

ஆபத்தே இல்லை என்று விளம்பரம் செய்கிறவர்களையும் நம்பாதீர்கள். தேர்ந்த மையங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது. பித்தப்பை அறுவை சிகிச்சையோடு ஒப்பிடத்தக்கது. தையல் கசியலாம், காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். அதனால்தான் இதயப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, தூக்கத்தில் மூச்சுப் பரிசோதனை எல்லாம் முன்பே செய்கிறார்கள். கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் பத்திய உணவு. சிகிச்சை முடிந்து சென்னையிலிருந்து திரும்பும்போது, இரத்தம் உறையாமலிருக்க, விழுப்புரத்திலும் உளுந்தூர்பேட்டையிலும் காரை நிறுத்தி என்னை நடக்க வைத்தார் தம்பி. டீக்கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ விடாத வயிற்றுவலியோ வந்தாலோ, 'வாயுப் பிடிப்பு' என்று ஓமம் கொடுக்காமல் அந்த நிமிடமே மருத்துவரை அழைக்கச் சொல்லியிருந்தார்கள்.

நம்பிக்கை: கஞ்சி குடித்தால் தேறிவிடலாம்

எங்கள் பெரியம்மா சின்னசேலம். மரவள்ளி பூமி. சேகோ ஆலைகள் உள்ள வட்டாரம். நான் வீடு வந்த மூன்றாம் நாள் தூக்குவாளி நிறைய ஜவ்வரிசிக் கஞ்சியோடு வந்துவிட்டார். "வவுத்துக்கு இதமா இருக்கும், குடி சாமி."

ஜவ்வரிசி மரவள்ளியின் மாவுச்சத்து மட்டும்தான். புரதம் இல்லை என்றே சொல்லலாம். எனக்கோ ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். உள்ளே போவதோ மருந்து மூடியில் அளந்து, ஒரு வேளைக்கு நாலைந்து மூடி. அந்தக் கொஞ்சத்தில் மாவை நிரப்பினால் உடம்பு தன் தசையையே தின்னும். பருப்புத் தண்ணீர், மோர், கொழுப்பில்லாத பால், புரதப் பொடி, பிறகு மசித்த முட்டை என்று வாரக் கணக்கில் ஏறினேன். திட உணவு தொடங்கிய பின் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் அரை மணி விட வேண்டும். சோற்றில் ரசத்தைக் குளமாக ஊற்றிப் பிசையும் வீட்டில் இதைக் கடைப்பிடித்துப் பாருங்கள். பெரியம்மாவின் கஞ்சியைத் தம்பி குடித்தார். பெரியம்மாவுக்கு இன்றும் என்மீது வருத்தம் இருக்கிறது.

நம்பிக்கை: தலைமுடி கொட்டி மொட்டையாகிவிடும்

கொட்டியது. நான்காம் மாதம் சீப்பைப் பார்த்து அழுதேன். ஓராண்டுக்குள் வளர்ந்துவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான்.

நம்பிக்கை: இது அழகுக்கான ஆபரேஷன், காப்பீடு தர மாட்டார்கள்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிப்படி, பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடும் தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்தாலோ, மருத்துவர் பரிந்துரைத்த இந்தச் சிகிச்சையை 'எடைக் குறைப்பு' என்று சொல்லி ஒதுக்க முடியாது. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். காத்திருப்புக் காலத்தைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: ஒரு தடவை செய்துவிட்டால் கவலை விட்டது

இப்போது அந்த ஐந்து கிலோ. இரண்டாம் ஆண்டில் பசி மெல்ல எட்டிப் பார்த்தது. இட்லி ஒன்றரைக்கு மேல் இறங்காது. முறுக்கும் அதிரசமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஸ்லீவ் அளவைத்தான் தடுக்கும், இனிப்பைத் தடுக்காது. தீபாவளிக்குத் தீபாவளி எடை ஏறியது.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க. முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலிமாத்திரை கூடாது. குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பிலேயே புண் வரும். ஆண்கள் தனியாக அழைத்துக் கேட்பது ஒன்றுண்டு: "கொஞ்சமா குடிக்கலாமா டீச்சர்?" சிகிச்சைக்குப் பின் சாராயம் வேகமாக இரத்தத்தில் ஏறும், கொஞ்சத்திலேயே தலைக்கேறும், இரண்டாம் ஆண்டிலிருந்து குடிக்கு அடிமையாகும் வாய்ப்பும், குறிப்பாகப் பைபாஸுக்குப் பின், கூடுகிறது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து இறந்தவர்களின் பாடைகள் வரிசையாகப் போனதைப் பார்த்த ஊரில் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

2025 முதல் மவுஞ்சாரோ, வீகோவி என்று வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் இங்கே விற்கின்றன. 'அப்ப கத்தி எதுக்கு?' என்கிறார்கள். நல்ல மருந்துகள்தான். ஆனால் வீகோவியில் உள்ள மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டிலேயே குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

போன மாதம் வெள்ளிமலைப் பேருந்தில், கச்சிராயபாளையத்தில் ஏறிய பாட்டி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் யார் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "எம் பேத்திக்கு மாப்ள பாக்குறோம். கொஞ்சம் பூசுனாப்ல இருக்கா. தைக்குள்ள இத செஞ்சுப்புடலாமா டீச்சரு?"

எடை கேட்டேன். 62 கிலோ, என் உயரம். பி.எம்.ஐ. 25-கூட இல்லை. உலக அளவிலான மருத்துவச் சங்கங்கள் 2022-இல் வரம்பைத் தளர்த்தியபோதுகூட ஆசியர்களுக்கு 27.5-இல்தான் பேச்சையே தொடங்கின. செய்துகொண்டாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கருத்தரிக்கக் கூடாது.

"பாட்டி, உன் பேத்தி குண்டே இல்ல."

"அத நீ வந்து மாப்ள வூட்டுல சொல்லுவியா?" என்றார். வருவதாகச் சொல்லி, ஊர்ப் பெயரை வாங்கி வைத்திருக்கிறேன்.